ஜன்னல் இல்லாத அறைக்கு எட்டு மதிப்பெண்

ஜனவரி 9

அன்புள்ள கணக்கு,

நான் ஓய்வுபெற்ற அன்று, ஆசிரியர் அறையில் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோது, கணக்கு டீச்சர் நீ, பூகோள டீச்சர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "முப்பத்தொரு வருஷமா பூமியில முக்கால்வாசி கடல்னு பாடம் எடுத்தியே, அந்த முக்கால்வாசிப் பக்கம் ஒரு தடவையாவது போயிருக்கியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி நாலு வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே உன் அழைப்புக்கு என் பதில்: வருகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த பணம் இருக்கிறது. சுவர் இன்னொரு வருஷம் பொறுத்துக்கொள்ளும். என் முழங்கால் பொறுக்காது.

ஏழு நாள் கப்பல் பயணத்துக்கு என்னென்ன எடுத்துவர வேண்டும், எதற்கெல்லாம் காசு கேட்பார்கள், எங்கே ஏமாறுவேன் என்று விவரமாக எழுது. தொலைபேசியில் கேட்டிருக்கலாம். தொலைபேசியில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடமாட்டாய். கடிதத்தில்தான் உன் வாய் சும்மா இருக்கும்.

உன் பூகோளம்


ஜனவரி 17

என் அருமைப் பூகோளமே,

ஒருவழியாகக் கரையை விட்டுக் கிளம்புகிறாயே, அதுவே பெரிய விஷயம். மூன்று தடவை போய்வந்தவள் சொல்கிறேன், கவனமாகக் கேள். பின் பெஞ்சில் பேச்சு கூடாது.

அறை நான் பதிவு செய்துவிட்டேன். ஜன்னல் இல்லாத உள்ளறை. முகம் சுளிக்காதே. கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. அறை தூங்கத்தானே? ஜன்னல் வைத்த அறையின் பாதி விலைதான். தனி ஆளாகப் போனால் இரண்டு பேர் கட்டணத்தையும் நம் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் கூட ஒரு ஆள் வேண்டும்.

கப்பல் கிளம்புகிற ஊருக்கு முதல்நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ரயில் தாமதம் என்று நாம் மூச்சிரைக்க ஓடினாலும் கப்பல் நிற்காது. குமட்டல் மாத்திரையை உங்கள் தெரு மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள். கப்பல் கடையில் மூன்று மடங்கு விலை. காலி தண்ணீர் பாட்டில் ஒன்று கொண்டுவா. தேநீரும் தண்ணீரும் இலவசம். குடிபானங்களுக்கு மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், தலையை ஆட்டிவிடாதே. ஏறியதும் செல்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டுவிடு. போன தடவை ஒரே ஒரு படத்தை என் பேரனுக்கு அனுப்பிவிட்டு, வந்த பில்லைப் பார்த்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஏணிப்படியில் கால் வைக்கும்போதே ஒருவன் பளிச்சென்று படம் எடுப்பான். சிரி. வாங்காதே.

இதை எந்த ஏஜென்டும் சொல்லமாட்டான்: கப்பல் அறையின் சுவர் இரும்பு. நாலு காந்தக் கொக்கி கொண்டுவந்தால் துணி, பை எல்லாவற்றையும் சுவரிலேயே மாட்டலாம். இறங்குகிற ஊர்களில் கப்பல்காரன் விற்கும் சுற்றுலா வேண்டாம். துறைமுக வாசலிலேயே பேருந்து கிடைக்கும். ஆனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு பெரிய சேமிப்பு இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். கடைசி நாள் நேரிலேயே செய்து காட்டுகிறேன். அசந்துபோவாய்.

கணக்கில் என்றும் தவறாத,
உன் கணக்கு


மார்ச் 12

அன்புள்ள கணக்கு,

திரும்பி வரும்போது பேருந்தில் நாலு மணி நேரம் நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உடம்புக்கு முடியவில்லையா என்றும் கேட்டிருக்கிறாய். குமட்டல் மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒன்றுகூடப் போடவில்லை. கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. குமட்டியது வேறு.

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு உதாரணம் சொல்லாமல் எதையும் விளக்க வராது. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று. இரண்டாம் நாள் காலை உணவுக் கூடம். தட்டில் மலைபோலக் குவித்து, எல்லாவற்றிலும் ஒரு கடி கடித்து, மேசையில் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள் மனிதர்கள். பழத்தில் பல் பதிந்திருக்கிறது, ரொட்டியில் உதட்டுச்சாயம் ஒட்டியிருக்கிறது. அந்தக் காட்சியே எனக்குப் போதுமாக இருந்தது. அப்போது நீ மடியில் கைப்பையைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் உறையை விரித்து, அவித்த முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாய். எட்டு. நான் எண்ணினேன். "மத்தியானம் ஊர்ல இறங்கினா சாப்பாட்டுச் செலவு மிச்சம்டி" என்றாய். ஊரில் இறங்கியதும் முட்டை மறந்துபோய், கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முட்டை துணி அலமாரியில் உன் சால்வைக்கு அடியில் மூன்று நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் நுழைந்ததும் அழுகல் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

அதைக் கண்டுபிடித்து எடுத்தவர் நம் அறை இருந்த நடைவழியின் அறைப் பணியாளர். ஐம்பதை நெருங்கிய மனிதர். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். பதினெட்டு அறைகள் அவர் பொறுப்பு. சால்வையைத் தனியாகத் துவைத்து மடித்து வைத்தார். அலமாரியை இரண்டு தடவை துடைத்தார். அன்று துண்டை முயலாக மடித்து, அதன் மூக்கில் என் கண்ணாடியை மாட்டி வைத்திருந்தார்.

உனக்குத் தெரியாத ஒன்று. தினமும் காலையில் நீ மேல்தளத்தில் சாய்வு நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கப் போனதும், அவர் என் கையடக்க அட்லஸைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "டீச்சரம்மா, இன்னிக்கு நாம எங்க இருக்கோம்?" நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். "எட்டு வருஷமா கப்பல்ல இருக்கேன். வெளிய எட்டிப் பாக்க நேரம் இருந்ததில்ல. நீங்க புள்ளி வச்சப்புறம்தான் நானும் பயணம் போற மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டாவது உதாரணம், கடைசி நாள் மாலை வரவேற்பு மேசை. உன் முதல் பெரிய சேமிப்பு.

"எங்க ரெண்டு பேர் கணக்குலயும் அந்தச் சேவைக் கட்டணத்த எடுத்துடுங்க."

"ஏதாவது குறை இருந்துச்சா மேடம்?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. எடுக்கச் சொன்னா எடுக்கணும்னு விதி இருக்குல்ல? எடுங்க."

நமக்குப் பின்னால் அரைக்கால் சட்டையில் நின்றவர், "நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க! எனக்கும் எடுத்துடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசையில் நின்ற எல்லோருடைய முகமும் ஒரே நொடியில் எவ்வளவு மலர்ந்தது! அந்தக் கட்டணம் அறை துடைப்பவருக்கும் தட்டு எடுப்பவருக்கும் போவது என்று மேசையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. சீ என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீ குளிக்கப் போனபோது நான் திரும்பிப் போய் என் பங்கை மறுபடி சேர்க்கச் சொன்னேன். இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

மூன்றாவது, கருத்துப் படிவம். உன் இரண்டாவது பெரிய சேமிப்பு. "ஏதாவது ஒரு குறை எழுதினா அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவாங்க" என்றாய். 'அறையில் அழுகல் நாற்றம். இரண்டு நாள் சரிசெய்யவில்லை' என்று எழுதினாய். உன் முட்டை, கணக்கு. உன் கைப்பையில் வந்து, உன் சால்வைக்கு அடியில் கிடந்த முட்டை.

நானாவது உள்ளதை எழுதினேன். அறைப் பராமரிப்புக்குப் பத்துக்கு எட்டு. நீ எட்டிப் பார்த்து, "பென்ஷன் வாங்கியும் உன் பேனா இளகலையே" என்று சிரித்தாய். சிரி. என் எட்டு நேர்மையான எட்டு.

இருபத்தாறு வருஷப் பழக்கம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது.

உன் பூகோளம்

பின்குறிப்பு: என் அட்லஸைக் காணவில்லை. உன் பெட்டியில் வந்துவிட்டதா, பார்.


மார்ச் 20

பூகோளம்,

கோபித்துக்கொள்ளாமல் எழுது என்கிறாய். அடித்துவிட்டு அழாதே என்பது மாதிரி.

ஒன்று கேட்கிறேன். மூன்று மடங்கு விலைக்கு மாத்திரை விற்பவன் நல்லவன், எட்டு முட்டை எடுத்தவள் திருடியா? அவ்வளவு பெரிய கப்பல் கட்டியவனுக்கு வேலை செய்பவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கத் தெரியாதா? அதை என் தலையில் ஏன் கட்டுகிறான்? அவன் அண்டாவோடு அள்ளுகிறான், நான் கரண்டியால் எடுக்கிறேன். என் கணவர் போனபிறகு ஒற்றை ஓய்வூதியத்தில் நான் கடல் பார்க்கிறேன் என்றால் அது இந்தக் கரண்டியால்தான். நீ என்னைப் பார்த்து அருவருப்படையலாம். வெள்ளையடிக்க வைத்த பணம் உனக்கு உபரியாக இருக்கிறது.

முட்டை விஷயம் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரிப் புகாரால் அந்த மனிதருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? வாரத்துக்கு இரண்டாயிரம் பேர் எழுதுகிறார்கள். யார் படிக்கிறார்கள்?

கூப்பன் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு, நவம்பர் வரை செல்லும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்காமல் வா. இந்தத் தடவை முட்டை எடுக்கமாட்டேன், சத்தியம்.

அட்லஸ் என் பெட்டியில் இல்லை.

கணக்கு


ஏப்ரல் 14

அன்புள்ள கணக்கு,

யார் படிக்கிறார்கள் என்று கேட்டாய். பதில் தபாலில் வந்திருக்கிறது.

என் அட்லஸ் திரும்பி வந்தது. பழைய தலையணை உறைத் துணியில் சுற்றி, ஓரம் மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து. முதல் பக்கத்தில் பள்ளி விலாசத்துக்குக் கீழே என் வீட்டு விலாசம் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். உள்ளே அவர் வீட்டு விலாசத்தோடு ஒரு தாள். மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்:

'டீச்சரம்மாவுக்கு வணக்கம். உங்கள் புத்தகம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தது. உடனே அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும். நான் இப்போது அந்த நடையில் இல்லை. கீழே சலவை அறையில் போட்டிருக்கிறார்கள். மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கூப்பிடுவார்களா என்று அதற்குள் தெரியும். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்களுக்கு ஒன்பதுக்குக் கீழே வந்தால் தோல்வி என்று கணக்கு. உங்கள் அறையிலிருந்து ஒரு புகார் வந்தது. புகார் வாராவாரம் வருவதுதான், மேற்பார்வையாளர் அதைத் தள்ளிவிடத்தான் பார்த்தார். அதே அறையில் இன்னொருவர் எட்டு போட்டிருக்கிறார் என்றதும் புகார் உண்மைதான் போல என்று எழுதிவிட்டார். நீங்கள் நிதானமானவர், யோசிக்காமல் எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு நான் இன்னும் என்ன செய்திருக்க வேண்டும்? சொன்னால் திருத்திக்கொள்வேன்.'

இதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல, கணக்கு. வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து கேட்கும்: "டீச்சர், இன்னும் என்ன எழுதியிருக்கணும்?" நான் என்ன சொல்வேன் என்று உனக்கும் தெரியும். "பத்துக்குப் பத்து போட்டா அதோட படிக்கிறத நிறுத்திடுவ. போ." பிள்ளை போய்விடும். கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. விடைத்தாளில் குறை இருக்காது. என் கைக்கு எட்டுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்து முப்பத்தொரு வருஷம் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

போன கடிதத்தில் உன்மேல் காறித் துப்பாத குறையாக எழுதினேன். இப்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. நீ பொய் எழுதினாய். என் எட்டு அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. நீ மட்டும் எழுதியிருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார். நான் மட்டும் எழுதியிருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பார்.

நேற்றே கப்பல் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அறையில் ஒரு குறையும் இல்லை, எட்டு என்பது என் தவறான பழக்கம், பத்தாகத் திருத்துங்கள் என்று. வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொலைபேசியிலும் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "உங்க மதிப்பெண்ண மட்டும் மாத்தினா பத்தாதும்மா. புகார் கொடுத்தவங்களே அத வாபஸ் வாங்கினாத்தான் ஃபைல திறப்பாங்க. வாங்கினா கூப்பன் ரத்தாயிடும்."

மூன்று வரி போதும், கணக்கு. நாற்றம் எங்கள் உணவால் வந்தது, பணியாளர் அதை அன்றே சுத்தம் செய்தார், புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கூப்பன் போனால் போகட்டும். நவம்பர் பயணத்தின் தள்ளுபடி எவ்வளவோ அதை நான் தருகிறேன். வெள்ளையடிப்பது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே. மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். உன்னைக் கெஞ்சுகிறேன்.

உன் பூகோளம்


ஏப்ரல் 29

பூகோளம்,

கூப்பனைப் பயன்படுத்திவிட்டேன். அண்ணியும் நானும் நவம்பரில் போகிறோம். கட்டிய பணம் திரும்ப வராது. உன் பணம் எனக்கு வேண்டாம்.

அது மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே. நான் பொய் சொன்னேன் என்று என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறாய். இருபத்தொன்பது வருஷம் பிள்ளைகள் காப்பியடித்தால் பிடித்துக்கொடுத்தவள் நான். என்னால் முடியாது. எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

எட்டு போட்டவள் நீ. புகாரை அவர்கள் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எல்லாப் பாரத்தையும் என் தலையில் இறக்காதே.

கணக்கு


ஜூன் 20

கணக்கு,

மே மாதம் முழுக்க ஒவ்வொரு தபாலிலும் உன் கையெழுத்தைத் தேடினேன். எழுத உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இனிமேல் தேட வேண்டியதில்லை.

கம்பெனியிலிருந்து எனக்குப் பதில் வந்தது. பளபளப்பான தாள், நீலக் கடல் படம். 'உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது' என்று தொடங்கி, அந்த அறை தொடர்பான கோப்பு மூடப்பட்டது என்று முடிகிறது. கூடவே எனக்கும் ஒரு தள்ளுபடிக் கூப்பன். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நீ சொன்னது இந்த இடத்தில் சரி: அண்டாவோடு அள்ளுபவன் அவன்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுபவன். நம்மைக் கொண்டு கிள்ளவைத்து, நமக்கே கூலியும் தருகிறான். கூப்பனைக் கிழித்துப் போட்டேன். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்றும் தெரியும்.

அவருக்கு அழைப்பு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். வேறு கப்பல்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். இந்த வயதில், இந்த இடுப்போடு, பழைய மதிப்பெண் தாளையும் கேட்பார்களாம்.

அவர் கேள்விக்கு நான் பதில் எழுதினேன். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது எதுவுமே இல்லை, எல்லாவற்றையும் செய்துவிட்டீர்கள், குறை என் பேனாவில் இருந்தது என்று எழுதினேன். அவர் வேலையைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு நற்சான்று எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன். அட்லஸையும் அனுப்பிவிட்டேன். அந்த ஏழு புள்ளிகளை அழிக்கவில்லை. பதிலாக, மேலே சொன்ன வேலைச் செய்தியும் நன்றி என்று ஒரு வரியும் வந்தன. வேறு எதுவும் எழுதவில்லை. அவர் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'தனி ஆளாகப் போனால் இரண்டு பேர் கட்டணத்தையும் நம் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் கூட ஒரு ஆள் வேண்டும்.' கடலைப் பார்க்க நீ என்னை ஆசையாக அழைத்தாய் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை, பாட்டில், காந்தக் கொக்கி, நான். உன் குறிப்புகளில் நானும் ஒன்று. அதைச் சொல்லிக் காட்டக் கோபம் வரவில்லை, களைப்புதான் வருகிறது. மற்ற குறிப்புகள் எல்லாம் நல்ல குறிப்புகள், கணக்கு. கொக்கியை நான் இங்கே சமையலறையில் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறேன். கரித்துணி மாட்ட வசதியாக இருக்கிறது.

இனி நான் எழுதமாட்டேன். நீயும் எழுத வேண்டாம். உன்னைத் தண்டிப்பதற்காக இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வருகிறது, அதில் அருகருகே நம் இருவர் கையெழுத்தும் இருக்கிறது.

நவம்பரில் கப்பல் ஏறுவாய். கடைசி நாள் மாலை அந்தப் படிவம் உங்கள் அறைக்கும் வரும். உன் அண்ணியிடமும் இதைச் சொல்: எண் எழுதுவதற்கு முன்னால், உங்கள் அறையைத் துடைத்தவரை நடையில் நிறுத்தி, "நான் போடற எண் உங்களுக்கு என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

பூகோளம்